எழுபத்திரண்டில் ஒன்று

டைக் வீதியில், கடலுக்கு முதுகு காட்டி,
மாடிப்படிக்குக் கீழே என் வேலையறை.
பல் வரும். பல் போகும்.
முழு மனிதர் வருவது குறைவு.

நஸ்மீர் வந்தார், கிண்ணியாவிலிருந்து,
மழைக்கோட்டுக்குள் ஒரு பெட்டியை அணைத்தபடி.
வாசலில் நின்ற புள்ளிமான் எட்டி
பெட்டியின் மூலையை மோந்தது.
"சூ! சூ!
பெட்டி கசங்கினால் பாதி விலை போயிடும் மிஸ்."

உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் ஹரிக்கேன்.
துத்தநாகத்தில் வார்த்த உடம்பு,
சிறகு விரித்தால் ஒரு சாண்,
கையில் வாங்கினால் நினைத்ததைவிடக் கனம்.
முதுகில் பச்சையும் மண்ணிறமும்,
ஆசனத்தில் அரிசிமணி அளவு ஓட்டி,
முகத்துக்குப் பதில் ஒரு துளி பெயின்ற்.
மூக்கில் மூன்று இதழ் இருக்க வேண்டும்,
இரண்டுதான் இருந்தது.
மகள் ஷைமா விசிறி என்று நினைத்து
விரலால் சுழற்றினாளாம்.

"நாப்பத்திரண்டு சித்திரையில
சீனன்குடாவால எழும்பினது இந்த வகைதான்" என்றார்.
துவக்கு எத்தனை, குதிரைவலு எத்தனை,
வால் எழுத்து என்ன,
பிள்ளையின் தடுப்பூசித் திகதிகளைச் சொல்லும்
தகப்பனைப்போல் சொன்னார்.
ஜப்பான்காரனின் விமானமும் வீட்டில் இருக்கிறதாம்,
அதே அலுமாரி, அடுத்த தட்டு.

கேட்டேன்: "கிபிர் இருக்கா?"

மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.
"நான் சேர்க்கிறது
பழைய யுத்தம் மட்டும்தான் மிஸ்."

இரவு, விளக்கைத் தாழ்த்தி அளந்தேன்.
இதழின் நீளம் இருபத்திரண்டு மில்லிமீற்றர்.
வேரோடு பிடுங்கிய முன்பல் அந்த அளவு.
பெட்டியில் போட்டிருந்தது: எழுபத்திரண்டில் ஒன்று.
சும்மா இருக்காத கை
கல்குலேற்றரை எடுத்தது.
என் உயரத்தை எழுபத்திரண்டால் வகுத்தேன்.
இருபத்திரண்டு மில்லிமீற்றர்.

பிறகு நிறுத்த முடியவில்லை.
சேனையூரில் நாங்கள் கிடந்த பங்கர்
ஒரு தீப்பெட்டி.
அதன் மேல் போட்ட பனங்குற்றிகள்
பாதி எரிந்த குச்சிகள்.
வானத்தில் அது வந்த உயரம்
ஒரு தென்னை.
தென்னையின் வட்டுக்குள் இருந்து குனிந்தால்
மணலில் கிடக்கும் ஒற்றைப் பல்
தெரியுமா?
தெரியாது என்று ஒருமுறை நினைத்தேன்.
தெரியும் என்று ஒருமுறை.
எது பெரிய குற்றம் என்று
கல்குலேற்றரில் இல்லை.

"சேலைத் தலைப்பைக் கடி" என்றாள் அம்மா அன்று.
கடித்தேன்.
மண் உதிர்ந்து, சத்தம் தூரப் போன பிறகும்
தாடை திறக்கவில்லை,
சித்தப்பா இரண்டு விரல் விட்டுத் திறந்தார்.
இப்போது பிறருடைய தாடைகளை
பிளாஸ்டரில் வார்த்து
திறந்து மூடிப் பார்ப்பது என் சம்பளம்.

மெழுகில் செதுக்கினேன். அச்சு எடுத்தேன்.
பிசின் ஊற்றினேன்.
கறுப்பு என்னிடம் இல்லை.
என்னிடம் இருப்பதெல்லாம்
மனிதர் சிரிக்கும் நிறங்கள்.
வெற்றிலை போடாத, தேத்தண்ணி குடிக்கும்
ஓர் ஆளுக்குப் பொருந்தும் நிறத்தில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்தார்.
பெட்டியைப் படியில் வைத்துவிட்டு
விமானத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
விரலால் சுண்டினார்.
சுழலும்போது மூன்றும் ஒன்று,
ஒரு சாம்பல் வட்டம்.
நின்றபோது கறுப்பு, கறுப்பு, பல்.

"கறுப்பு வீட்டில இருக்கு," என்றார்,
"நான் அடிச்சுக்கொள்ளுறன்."
மறுபடி சுண்டினார். மறுபடி நிற்கும்வரை பார்த்தார்.
"இல்ல. கிடக்கட்டும்."

பற்றுச்சீட்டில் விமானத்துக்கு இடமில்லை.
எழுதினேன்: மேல் முன்பல், ஒன்று.
இரண்டு தரம் வாசித்தார்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

படியில் மான்
பெட்டியின் ஒரு மூலையைத் தின்று முடித்து
அடுத்த மூலையில் வாய் வைத்திருந்தது.
அவர் அதை விரட்டவில்லை.